சிவப்பு நூல் கட்டிய பீர்க்கங்காய்

அன்று பொது விடுமுறை. தொழிற்சாலை பஸ் வராது. மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் படுத்தவன், சாயங்காலம் எழுந்து கதவைத் திறந்தேன். வாசல் முழுக்க மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

தூக்கக் கலக்கத்தில், யாரோ என் கயிற்றில் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால், அது என் பீர்க்கங்கொடி. கம்பிக் கதவிலிருந்து கோரிடோர் நடைபாதைச் சுவர் வரை நான் கட்டிவிட்ட கயிறு முழுக்கப் பூ. ஒவ்வொன்றும் இப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல் கசங்காமல் இருந்தது. கிட்டே போனால் லேசாக ஒரு வாசனை.

அந்தக் கொடியைப் பெயிண்ட் வாளியில் விதையாக ஊன்றியவன் நான். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறவனும் நான்தான். ஆனால் அது பூத்து நிற்பதை அன்றுதான் பார்க்கிறேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம், காலையில் சுருண்டு தொங்கும் முந்தின நாள் பூக்கள்.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி லிம் ஆன்ட்டி தன் வாசலில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தார்.

"தினம் இந்த நேரத்துக்குத்தான் விரியுதுலா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. என் வாசலில் தினமும் நடந்துகொண்டிருந்த ஒன்று அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

தேனீ ஏறாத உயரம்

போன வாரம் இந்தத் தோட்டப் பகுதியில் வாளிக்கு ஓட்டை போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தெலுக் இந்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பீர்க்கை நிறையப் பூக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை, என்ன செய்வது என்று. அவருக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பதிலோடு ஆன்ட்டியின் ஞாபகமும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன். வந்தபடி எழுதுகிறேன்.

நான் இருப்பது பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடி. முன்பு இந்த வீட்டில் தங்கச்சி குடும்பமும் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்கள் பத்து காவான் என்ற ஊரில் புது வீடு வாங்கிப் போய்விட்டார்கள். "நீயும் வாண்ணே, உனக்குன்னு ஒரு ரூம்பு இருக்கு" என்று தங்கச்சி கூப்பிட்டாள். நான் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், என் தொழிற்சாலையும் பத்து காவானில்தான். கடல் பாலத்தைத் தாண்டி தினமும் அவள் வீட்டுப் பக்கமாகப் போய், வேலை முடிந்ததும் மறுபடி பாலத்தைத் தாண்டி இந்தக் காலி வீட்டுக்கு வருகிறேன். ஏன் என்று அவள் இன்னும் கேட்கிறாள். அங்கே நான் விருந்தாளி. இங்கே யாருக்கும் நான் விருந்தாளி இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை.

அவர்கள் போன பிறகுதான் வாசலில் செடி வைக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளின் சைக்கிள் நின்ற இடம் சும்மா கிடந்தது.

ஒன்பதாவது மாடியில் செடி வளர்ப்பது வேறு மாதிரி. காற்று அதிகம், வாளி மண் சீக்கிரம் காய்ந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் ஊற்றுவேன். அதிகமாக ஊற்றினால் எட்டாவது மாடி அக்காவின் துணியில் சொட்டும், அவர் கீழேயிருந்து என் பேரைச் சொல்லிக் கத்துவார். என் பேரை வாய்விட்டுக் கூப்பிட்டவர் அந்தக் காலத்தில் அவர் ஒருவர்தான். அதற்காகவே சில சமயம் இன்னும் ஒரு குவளை ஊற்றலாமா என்று தோன்றும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தேனீ. எங்கள் மாடிக்கு அது ஏறி வருவது அபூர்வம். ஆண் பூவின் மகரந்தத்தை நாம்தான் எடுத்துப் பெண் பூவில் தடவ வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர்ணம் தீட்டும் தூரிகை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பாகற்காயை அப்படித்தான் காய்க்க வைத்தேன். பாகல் காலையில் விரியும். நான் காலையில் வீட்டில் இருப்பேன். பொருந்திப் போனது.

பீர்க்கையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். தினமும் காலையில் வாடிய பூவின் மேல் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிஞ்சுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. எரு போதவில்லை என்று நினைத்து எரு போட்டேன். எறும்பு என்று நினைத்துச் சாம்பல் போட்டேன்.

பீர்க்கை சாயங்காலம் விரியும் பூ. எனக்கு மதிய ஷிப்ட். வேலையில் குடும்பம் உள்ளவர்களுக்கெல்லாம் சாயங்காலம் வேண்டும். எனக்கு எதற்கு என்று பல வருஷத்துக்கு முன்பே நானாக விட்டுக்கொடுத்துவிட்டேன்.

முதல் காய் கொடிக்கு

காய் பிடிக்காமல் போனால் என்ன, பாசாரில் வாங்கித் தின்றால் போகிறது என்று விட்டுவிடலாம். அந்த விதையை அப்படி விட முடியாது.

கைப்பேசியில் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் புலனக் குழு உண்டு. பினாங்கில் வீட்டில் காய்கறி போடும் தமிழர்கள் சேர்ந்தது. பட்டர்வொர்த்தில் இருக்கும் லில்லி அக்காதான் அதன் உயிர். காலையில் மாதா கோவிலுக்குப் போய் வந்ததும் அவருடைய குரல் பதிவு வந்துவிடும். "என்னா, எல்லாரும் செடிக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா, இல்லை டீ ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்களா" என்று ஆரம்பிப்பார். நான் அந்தக் குழுவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டை விரல் படம் மட்டும் போடுவேன். எனக்கு "கட்டைவிரல் தம்பி" என்றே பேர் வைத்திருந்தார்.

அந்தப் பீர்க்கை அவர் வீட்டு விதை. குட்டையாக, பருமனாக, கணு நெருக்கமாக இருக்கும். பாசாரில் கிடைக்காது. துறைமுகத்தில் வேலை செய்த அவருடைய அப்பா குவார்ட்டர்ஸ் வேலியில் ஏற்றி விட்டிருந்தது, அப்படியே வழி வழியாக வந்தது. குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு சட்டம். முதல் காய் கொடிக்கு. அதை வெட்டக் கூடாது, கொடியிலேயே காயவிட்டு, விதையெடுத்து, கொடுத்தவருக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த காயைத் தின்ன வேண்டும்.

பிறகு அவருடைய மகன் கார் நிறுத்த வீட்டுக் கொல்லையைச் சிமெண்டு போட்டான். பழைய கொடி போய்விட்டது. போத்தலில் வைத்திருந்த விதையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. அக்கா குழுவில் கேட்டார். "பரவால்லை, அதான் உங்ககிட்டயெல்லாம் இருக்கே. யாரு காய வச்சிருக்கீங்க?"



அப்புறம் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். கூட்டு வைத்தவர், துவையல் அரைத்தவர், இறால் போட்டுப் பிரட்டியவர். "நீங்க வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று இவர் அவரைச் சொன்னார். "நான் உங்களை நெனச்சுத்தான் வெட்டுனேன்" என்று அவர் இவரைச் சொன்னார். எல்லோரும் முதல் காயைத் தின்றுவிட்டார்கள். கொடியையும் பிடுங்கி வேறு போட்டுவிட்டார்கள்.

லில்லி அக்கா கோபப்படவில்லை. "சரி விடுங்க. ருசியா இருந்துச்சா?" என்றார். அதன் பிறகு சில நாள் காலையில் குரல் பதிவு வரவில்லை.

தின்னாதவன் நான் ஒருவன்தான். தின்ன எனக்குக் காய் பிடிக்கவில்லை. கொடி மட்டும் இருந்தது, அதுதான் மிச்சம். அதையும் குழுவில் சொல்லவில்லை. சொல்லி, காய்க்காமல் போனால்?

பையன் பூ, பொண்ணு பூ

விடுமுறை அன்று விரிந்து கிடந்ததெல்லாம் ஆண் பூ. பெண் மொக்கு இரண்டு மூன்று நாளில் விரியும் போல் இருந்தது. அப்போது நான் வேலையில் இருப்பேன்.

ஆன்ட்டி ஊதுபத்தி ஏற்றும் நேரமும் பீர்க்கை விரியும் நேரமும் ஒன்று. அவரிடம் கேட்டால் முடிந்தது. ஆனால் அவருக்கும் எனக்கும் இடையில், இத்தனை வருஷத்தில், லிப்ட் வருமா வராதா என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. கணவர் போன பிறகு அவரும் தனியாகத்தான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் டிவி ஓடும். அது நின்றால் தூங்கிவிட்டார் என்று தெரியும். அவ்வளவுதான் பழக்கம்.

மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். நாங்கள் பேசுவது பாசார் மலாய், சந்தையில் பேசும் மலாய். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஆண் பூ, பெண் பூ என்று ஒரு பெண்மணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இது பையன், அது பொண்ணு" என்றேன்.

"எது பொண்ணு?"

"பின்னால குட்டிக் காய் ஒட்டியிருக்கு பாருங்க, அது."

ஆன்ட்டி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பாவம்லா. பூக்கும்போதே வயித்துல பிள்ளையோட வருது. சரி, நான் என்ன செய்யணும்?"

தூரிகையைக் கொடுத்தேன். இங்கே தொட்டு, அங்கே தடவ வேண்டும் என்று காட்டினேன். என் காது சூடாகியிருந்தது.

"நீயோ கல்யாணமே பண்ணலை. இதுல எனக்குச் சொல்லிக் குடுக்குற" என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள்களில் ஒன்றில், காலையில் எழுந்து பார்த்தபோது பெண் பூ ஒன்றின் காம்பில் சிவப்பு நூல் முடிச்சுப் போட்டிருந்தது. சாமிக்குக் கட்டும் நூல். ஆன்ட்டி வாசலில் நின்றிருந்தார். "கல்யாணம் ஆயிடுச்சுன்னா அடையாளம் வேணாமா?"

பிஞ்சு விழவில்லை. பச்சையாகப் பருத்தது. வேலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காய் ஞாபகம்தான்.

சூப்பு

ஒரு காலை, நான் தண்ணீர் வாளியோடு வெளியே வரும்போது ஆன்ட்டி மூடிபோட்ட கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"மணியம், சூடா இருக்கு, சாப்பிடு. தினம் காலையில வந்து பாக்குற, பாக்குற, வெட்டவே மாட்டேங்குற. உன் வீட்ல கத்தி இல்லையா? முத்திடும்னு நேத்து நானே வெட்டிட்டேன்."

கொடியைப் பார்த்தேன். வெட்டிய காம்பில் சிவப்பு நூல் மட்டும் இருந்தது.

"முட்டை நான் போட்டது. உனக்குத்தான் நெறைய எடுத்து வச்சிருக்கேன். நீ சமைக்கிற வாசனையே வர்றதில்லை உன் வீட்லேர்ந்து."

விதைக்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை. தூரிகை பற்றிச் சொன்னதே எனக்குப் பெரிய பேச்சு. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லத் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை காய் என்றால் தின்பது, அதுவும் பிஞ்சாக இருக்கும்போது. அதில் என்ன தப்பு?

"தேங்க்யூ ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டேன்.

உள்ளே மேசையில் வைத்துச் சாப்பிட்டேன். வெள்ளை மிளகு வாசனை. அந்தக் காய்க்கு ஒரு இனிப்பு உண்டு, லில்லி அக்கா சொன்னது பொய்யில்லை. விதைகள் வெள்ளையாக, மெத்தென்று இருந்தன. ஒன்றை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதையும் தின்றேன். எனக்காக ஒருவர் சமைத்துக் கொண்டுவந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாது என்று என் செடியில் பறித்த பச்சை மிளகாய் போட்டுக் கொடுத்தேன். "நல்லாருந்துச்சா?" என்றார். "நல்லாருந்துச்சு" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கொடிக்கு வயதாகியிருந்தது. அடி இலைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அவற்றைக் கிள்ளிப் போட்டு, நுனியை மட்டும் காப்பாற்றிப் பார்த்தேன். ஒரு காலையில் நுனிக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் மொக்கு தெரிந்தது. இனி ஒன்று வருமா என்று சொல்ல முடியாது.

இந்தத் தடவை சொல்லியாக வேண்டும்.

"ஆன்ட்டி, இதுக்கும் தடவி விடுங்க. ஆனா வெட்ட வேணாம். கொடியிலேயே காயணும். விதைக்கு."

அவர் என்னையே பார்த்தார். "அப்போ அது?"

நான் தரையைப் பார்த்தேன். "அதுவும் விதைக்குத்தான்."

"அப்போ ஏன் சொல்லலை? வாய் சாப்பிடறதுக்கு மட்டும்தானா?" கையிலிருந்த தூரிகையால் என் தோளில் ஒரு தட்டு. பிறகு குரல் இறங்கியது. "நான் முட்டை வேற உடைச்சு ஊத்தினேன்லா."

லில்லி அக்கா கதையைச் சொன்னேன். சிமெண்டு போட்டது, எல்லோரும் தின்றது. ஒரே மூச்சில் நான் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்.

காய் பேசியது

அதன் பிறகு அந்தக் காய்க்கு ஆன்ட்டிதான் காவல். செய்தித்தாளைச் சுருட்டி உறை மாதிரி போட்டார். கோரிடோரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளை, "தொட்டா விரலை வெட்டி சூப்பு வைப்பேன்" என்று மிரட்டினார். காலையில் நான் வெளியே வந்ததும் கையால் அளந்து காட்டுவார், இன்றைக்கு இவ்வளவு என்று. பிறகு வேறு பேச்சும் வந்தது. அவர் வீட்டுக்காரர் பற்றி, முட்டி வலி பற்றி, பாசாரில் கங்கோங் கீரை விலை பற்றி.

காய் பழுப்பாக ஆரம்பித்த சமயம் அவர் சொன்னார். "மகன் கூப்பிடறான். கோலாலம்பூருக்கே வந்துடுங்கறான். அங்க நீச்சல் குளம் இருக்காம். எனக்கு எதுக்கு நீச்சல் குளம்?"

"போறீங்களா?"

"விழுந்தா யாரு தூக்குறதுங்கறான். பதில் இல்லையே என்கிட்ட."

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய் வரவில்லை. நானோ பாதி நாள் பாலத்துக்கு அந்தப் பக்கம். அதனால் அது உண்மையும் இல்லை.

மகன் வந்து அழைத்துப் போனபோது நான் வேலையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அவர் கதவில் பெரிய பூட்டு. என் கம்பிக் கதவில் தூரிகை செருகியிருந்தது. கழுவிக் காயவைத்த தூரிகை. அவர் நம்பர் என்னிடம் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் எதற்கு நம்பர்? போகப் போகிறார் என்று தெரிந்த பிறகு கேட்கக் கூச்சமாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் இல்லாமல் தூங்கப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது.

காய் முழுக்கக் காய்ந்து, கையில் எடுத்தால் காகிதம் போல் லேசாகிவிட்டது. ஒரு காலை அதை அறுத்தேன். ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கலகலவென்று விதைகள் ஓடின. காட்ட ஆளில்லை. பக்கத்துக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டு, பிறகுதான் பூட்டு ஞாபகம் வந்தது.

உள்ளே போய்க் கைப்பேசியை எடுத்தேன். குழுவில் குரல் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு, கிட்டே வைத்துக் காயை ஆட்டினேன். ஒன்றும் பேசவில்லை. அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் லில்லி அக்காவின் குரல் வந்தது.

"யாருய்யா இது... கட்டைவிரல் தம்பியா? இது என் பீர்க்கங்காய்தானே? அப்பா வீட்டுக் காய்தானே இது?" மூக்கை உறிஞ்சினார். "இன்னொரு தடவை ஆட்டு தம்பி. காயே பேசுது, நீ பேச மாட்டியா?"

அடுத்த லீவில் ஃபெரியில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கறுப்பாக, பளபளவென்று இருந்த விதைகளை அக்கா உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிமெண்டுக் கொல்லையில் மகனின் கார் வெயிலில் நின்றது. நிழல் இருந்த இடத்தில் விதை போட அக்கா அடுக்கியிருந்த வாளிகள்.

தெலுக் இந்தான் வாசகருக்கு என் பதில் இதுதான். சாயங்காலம் வீட்டில் இருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேட்கும்போது பாதியை விழுங்காமல் முழுவதையும் சொல்லிவிடுங்கள்.

நான் இப்போது காலை ஷிப்டுக்கு மாறிவிட்டேன். கேட்டபோது சூப்பர்வைசர், "என்னண்ணே, சாயங்காலம் வீட்ல யாராச்சும் காத்திருக்காங்களா?" என்று கண்ணடித்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

புதுக் கொடி கயிற்றில் ஏறிவிட்டது. இந்த வாரம் முதல் பெண் பூ விரிந்தது. தூரிகையால் தடவிவிட்டு, ஆன்ட்டி காய் வெட்டிய காம்பிலிருந்து அன்றைக்கு அவிழ்த்து வைத்திருந்த சிவப்பு நூலையே கட்டினேன். பக்கத்து வாசலில் ஊதுபத்தி டின்னில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. அதைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தேன்.

முதல் காய் கொடிக்கு. வெட்ட வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியவர் யாரும் இப்போது இந்தப் பக்கம் இல்லை.